மெருகேறிய கல்

மெஷினில் எண்ணூறாம் நம்பர் பாலீஷ் பேடை மாட்டித் தேய்த்து, சேற்றை வழித்து, ஈரத்துணியால் துடைத்தபோது அடுப்பு மேடைக் கல்லில் ஜன்னல் தெரிந்தது. அதன் கம்பியில் தொங்கிய கரித்துணி தெரிந்தது, மேலே சுற்றும் மின்விசிறிகூடத் தெரிந்தது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த அவன் மட்டும் தெரியவில்லை.

பாலீஷ்காரன் கண்ணைக் கசக்கிக்கொண்டான். அந்த இடத்தில் ஆசிட் ஆழமாக இறங்கியிருக்கும் என்று நினைத்தான். இருபது வருடமாக மங்கிய கருங்கல்லைக் கண்ணாடியாக்கித் தருகிறவன் அவன். கல் செய்யும் குறும்பு எதுவும் அவனுக்குப் புதிதில்லை.

வீட்டுக்காரி பல் டாக்டர். மதியம் கிளம்பும்போது அலுத்துக்கொண்டாள். "எங்க வீட்டுக்காரர் ஆசிட் ஊத்திக் கழுவிட்டாருங்க. நான் ஊரார் பல்லையெல்லாம் பளபளன்னு ஆக்கறேன், என் அடுப்பு மேடை என்னைப் பாத்துப் பல்லிளிக்குது. ஆறு மணிக்குள்ள முடிஞ்சுடுமா?"

"இதைப் பாத்தே தலை வாரிக்கலாம்மா" என்று அவன் சிரித்தான்.

இப்போது மணி மூன்று. ஆயிரத்து ஐந்நூறாம் நம்பர் பேடை மாட்டினான். மெஷினின் சீரான ரீங்காரமும், குழாயிலிருந்து பேடின் நடுவே சொட்டும் தண்ணீரும், கல்லிலிருந்து எழும் அந்தக் குளிர்ந்த, கிணற்றடி போன்ற வாசமும் வழக்கமாக அவனைச் சாந்தப்படுத்தும். இன்று அந்த வாசம் தொண்டையில் போய் உட்கார்ந்தது. கறுப்புச் சேறு விளிம்பில் வழிந்து, சட்டியில் சொட்டி, சொட்டிச் சொட்டி நிறைந்தது. துடைத்தான்.

ஒரு தோள் தெரிந்தது.

அப்பாடா என்று மூச்சு விட்டான். வலப்பக்கம் சாய்ந்தான். தோள் சாயவில்லை.

அப்போது போன் அடித்தது. தங்கச்சி. ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஜன்னலோரம் வைத்தான்.

"அண்ணா, வேலையில இருக்கியா?"

"ஆமா. என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. நேத்திலேர்ந்து வீட்ல ஈரக் கல்லு வாசம் வருது. அவர் வேலை முடிஞ்சு வந்தா அடிக்குமே, அந்த வாசம். எல்லாத் துணியும் துவைச்சுப் பாத்துட்டேன், போகல."

அவர் என்றால் அவள் புருஷன். இவனுடைய மச்சான். இருவரும் பதினோரு வருடம் ஒரே மெஷினை மாற்றி மாற்றிப் பிடித்தவர்கள். நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு ஓட்டல் வரவேற்பறைத் தரையில், ஈரத்தில், ஷாக் அடித்து மச்சான் செத்துப்போனான்.

ஷாக் அடித்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் ட்ரிப் பெட்டி ஒன்று மெஷின் பிளக்குக்கும் சுவருக்கும் நடுவில் இருந்தது. அன்று அது திரும்பத் திரும்பக் கரண்டை நிறுத்தி வேலையைக் கெடுத்தது. இவன்தான் எரிச்சலில் அதைப் பிடுங்கித் தூக்கி எறிந்துவிட்டு, மெஷின் பிளக்கை நேராகச் சுவரில் சொருகினான். பிறகு எல்லோரிடமும், மச்சான் குடித்துவிட்டு வேலைக்கு வந்தான், சொல்லச் சொல்லக் கேட்காமல் பெட்டியைப் பிடுங்கினான் என்று சொன்னான். தங்கச்சி அந்த வாரமே புருஷன் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டாள்.

கல்லில் இப்போது கழுத்து வந்திருந்தது. தாடை வந்திருந்தது. இவன் தேய்க்கவில்லை. மெருகு தானாக ஏறிக்கொண்டிருந்தது. கிட்டித்த பற்கள். திறந்த கண்கள். மச்சான்.

"அண்ணா? ஏன் இப்படி மூச்சு வாங்கற?"

"அவன் குடிக்கல" என்றான். சொல்ல நினைக்கவில்லை. வாய் சொல்லிவிட்டது. "அன்னிக்கு அவன் குடிக்கல. பெட்டியப் பிடுங்கினது நான்."

சட்டியில் ஒரு சொட்டு விழுந்தது.

"அவர் கை மெஷின்ல ஒட்டிக்கிட்டப்போ நீ எங்க இருந்தே?"

"அங்கதான்."

"பிளக்கைப் பிடுங்கினியா?"

"பிடுங்கினேன். ஆனா, பெட்டி இல்லாம ஓட்டினது தெரிஞ்சா என்னைத்தான் பிடிப்பாங்கன்னு... முதல்ல பெட்டியத் தேடினேன். சோபாவுக்கு அடியில போயிருந்துச்சு. அதை எடுத்துட்டு வந்து அவன் காலடியில போட்டுட்டுத்தான்..."

"அவர் பாத்துக்கிட்டு இருந்தாரா?"

மச்சான் பார்த்துக்கொண்டுதான் இருந்தான். கடைசிவரை.

"எவ்வளவு நேரம்ணா தேடினே?"

"ஒரு நிமிஷம் இருக்கும்."

"சரி." அவள் குரலில் அழுகை இல்லை. "அவர்கிட்ட சொல்றேன்."

கல்லில் மச்சான் தலையைத் திருப்பினான், யாரோ கூப்பிட்டதைப் போல.

பாலீஷ்காரனுக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. அந்த முகத்தைத் தேய்த்து அழிக்க வேண்டும். ஐம்பதாம் நம்பர் பேட். கல்லையே குதறும் பேட். மாட்டினான். மெஷினை அழுத்திப் பிடித்தான். சுவரைப் பார்த்தான்.

வயர் நேராகச் சுவருக்குள் போயிருந்தது. காலையில் அவனே மாட்டிய ட்ரிப் பெட்டி அங்கே இல்லை.

விரல் ஏற்கெனவே சுவிட்சை அழுத்தியிருந்தது.

கை ஒட்டிக்கொண்டது. தாடை பூட்டிக்கொண்டது. கத்தல் மார்புக்குள்ளேயே நின்றது. கண் மட்டும் அவனிடம் இருந்தது. கல் பளபளத்தது. அதில் சமையலறை முழுவதும் துல்லியமாகத் தெரிந்தது.

பிளக்குக்குப் பக்கத்தில் மச்சான் நின்றிருந்தான். கையெட்டும் தூரம். அவன் பிளக்கைத் தொடவில்லை. அவசரமே இல்லாமல் குனிந்து, கழுவுதொட்டிக்கு அடியில் பார்த்தான். பிறகு மண்டியிட்டு, காஸ் சிலிண்டருக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினான். பிறகு எழுந்து, முழங்காலைத் தட்டிவிட்டு, அலமாரியின் முதல் கதவைத் திறந்தான்.

ஜன்னலோரத்தில் போன் இன்னும் அணையவில்லை.

"பொறுமையாவே தேடுங்க" என்றாள் தங்கச்சி.

மச்சான் இரண்டாவது கதவைத் திறந்தான்.