லேசான பெட்டியின் வட்டம்

கயிறு அறுந்து பறந்து வந்த தகரப் பெட்டி, களத்தில் காய்ந்துகொண்டிருந்த காப்பிக்கொட்டைக் குவியலில் பொத்தென்று விழுந்தது. நாகலூர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஈவ்லின் கோபமாக நிமிர்ந்தாள். எதிரே அறுந்த கயிறும் அசட்டுச் சிரிப்புமாக ஒருவன்... பாழாய்ப்போன அழகான கண்கள் வேறு!

"ஏனுங்க, இது களமா, நீங்க விளையாடற மைதானமா?"

அவன் ஜெயபிரகாஷ். கரடியூர் விவசாயி ஐயாக்கண்ணுவின் மகன், பெங்களூரில் விண்வெளி ஆராய்ச்சி செய்கிறவன். விண்வெளியில் மனிதர்கள் மிதக்காமல் கால் ஊன்றி நடக்க, இரண்டு நிலையங்களை நீளக் கயிற்றில் கட்டிச் சுழற்ற வேண்டுமாம். அதைத்தான் இரண்டு பெட்டிகளைக் கட்டிச் சுழற்றிப் பார்த்தானாம்.

அதற்குள் மழை வந்துவிட்டது. ஆளுக்கொரு முனை பிடித்துத் தார்ப்பாயை இழுத்து மூடினார்கள். கொட்டகையில் ஒதுங்கி நின்றபோது, ரெண்டு பெட்டியும் ஒரே எடையா என்று கேட்டாள்.

"இல்லீங்க. லேசான பெட்டிதான் பெரிய வட்டம் சுத்தும். அதுக்குள்ள இருக்கறவங்களுக்குத்தான் பாரம் நொம்பத் தெரியும்."

"பாவமுங்க அந்தப் பெட்டி..."

சிரித்தான். அவள் மனம் அங்கேயே தொலைந்தது.

பிறகு ஒவ்வொரு விடுமுறைக்கும் வந்தான். ஒவ்வொரு முறையும் அப்பாவிடம் பேசுகிறேன் என்றான், பேசவில்லை. அவளோ வந்த மாப்பிள்ளையை மறுத்தாள். வேற்று மதத்துப் பையனா என்று கொதித்த தன் அப்பா லாசரிடம் அடி வாங்கினாள். கடைசியில், வெட்கத்தை விட்டு, அவளே கரடியூருக்குப் பஸ் ஏறினாள்.

வாசலில் ஐயாக்கண்ணு மகனைத் திரும்பிப் பார்த்து, யார் இந்தப் பிள்ளை என்று கேட்டார்.

"எஸ்டேட் ரைட்டருங்கப்பா... களத்துல பார்த்த பழக்கம், அவ்வளவுதானுங்க."

அந்த அழகான கண்கள் தரையைப் பார்த்தன. கண் அழகாக இருந்து என்ன பயன்? ஈவ்லின் திரும்பி நடந்தாள்.

மறுநாள் களத்துக்கு ஓடி வந்தான்.

"பயந்துட்டேனுங்க ஈவ்லின். உங்களத்தான் விரும்பறேன்... இன்னும் கொஞ்ச நாள் பொறுங்க."

தூறல் விழுந்தது. அவன் தார்ப்பாயின் மறுமுனையை எடுக்கக் குனிந்தான்.

"விடுங்க," என்றாள்.

அவள் ஒருத்தியாகவே இழுத்தாள். பாதிக் களம் மூடுவதற்குள் மழை வலுத்து, மீதிக் கொட்டை நனைந்தது. மூச்சிரைக்க நிமிர்ந்தாள்.

"நானும் உங்களத்தானுங்க விரும்பறேன். நேத்து உங்க ஊட்டு வாசல்ல நின்னப்பவும் விரும்புனேன். ஆனா லேசான பெட்டி நானுங்க... இனி என்னால சுத்த முடியாது."