தண்ணீர் நிற்காத குளம்

காலை டூட்டி முடிந்து நர்ஸ் பானுப்ரியா எடமலைப்பட்டி புதூரில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது தெருவில் ஒரு நாயைக்கூடக் காணோம். அப்படி ஒரு கத்திரி வெயில். வீட்டு கேட்டைத் திறந்ததும் குளோரின் வாடை மூக்கில் ஏறியது.

பின்புறத்து நீச்சல்குளம் அவள் கணவன் அருள்ராஜின் ஆசை. துபாயில் முதலாளி வீட்டில் பார்த்துவிட்டு வந்தது. "கட்டுறது ஒரு நாள் செலவுங்க, வச்சுக் காப்பாத்துறது தினம் தினம் செலவு. மோட்டார் ஓடணும், மருந்து போடணும், பாசி தேய்க்கணும். நமக்கு எதுக்கு?" என்று அவள் சொன்னது அவன் காதில் ஏறவில்லை. இடம் போதவில்லை என்று, தெருவே இறைத்துக் குடித்த பழைய கிணற்றை மூடி அதன்மேல் குளத்துக்குத் தளம் போட்டான்.

எதிர்ச் சந்தில் இட்லிக் கடை போட்டிருந்த வள்ளிக்கண்ணுதான் கேட்டைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு நின்றாள்.

"கெணத்தத்தான் மூடிட்டீங்க. ஒரு கொடம் தண்ணியாவது விடுங்க சார்."

"ஒருத்திக்கு விட்டா தெருவே வந்து நிக்கும்" என்று அருள்ராஜ் அவள் முகத்துக்கு நேரே கேட்டைப் பூட்டினான்.

சித்திரை வெயிலில் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றவள் சுருண்டு விழுந்தாள். அப்புறம் எழுந்திருக்கவே இல்லை. அன்று சாயங்காலமும் அருள்ராஜ் நீந்தினான். பானு அவனோடு பேசுவதை நிறுத்தினாள்.

அதன்பிறகுதான் குளத்தில் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. தினமும் ஒரு சாண். ஆட்கள் வந்து தட்டித் தட்டிப் பார்த்தார்கள். எங்கும் வெடிப்பு இல்லை. அருள்ராஜ் டைல்ஸைப் பெயர்த்து மறுபடி பதித்தான். லாரி லாரியாக நிரப்பினான். தண்ணீர் நின்றபாடில்லை.

வீட்டுக்குள் நுழைந்து பானு சமையலறையில் கைப்பையை வைத்தாள். பின்னாலிருந்து சத்தம் வந்தது.

களக்... களக்... களக்.

குடத்தைத் தண்ணீரில் அமுக்கினால் வருமே, அந்தச் சத்தம்.

ஜன்னல் வழியே பார்த்தாள். யாரும் இல்லை. நீர்ப்பரப்பில் மட்டும் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்து மூடியது. குளத்தின் ஓரத்தில் ஓர் ஈரக் காலடி பதிந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று. பக்கத்தில் இடுப்புக் குடம் தளும்பியதுபோலச் சொட்டுகள். குளோரினைத் தாண்டிக்கொண்டு புளித்த மாவின் வாடை வந்தது.

காலடிகள் வீட்டைச் சுற்றி வாசல் கேட் பக்கமாகப் போயின.

"என்ன பாக்குற?" அருள்ராஜ் பின்னால் நின்றான்.

"வள்ளிக்கண்ணு அக்கா தண்ணி எடுத்துட்டுப் போறாங்க."

"பைத்தியமாடி உனக்கு?"

"எனக்கா? குடிக்கத் தண்ணி கேட்டவளத் தொரத்திட்டு அதே தண்ணியில மல்லாந்து கெடந்தீங்களே, உங்களுக்குத்தான் பைத்தியம். இத ஒடச்சுப் போடுங்க. கெணத்தத் தொறங்க."

"என் வீடு. என் தண்ணி. எவ வந்து எடுத்துடுவா, பாக்குறேன்!"

சட்டையைக் கழற்றி வீசிவிட்டுக் குதித்தான்.

முங்கியவன் நடுக்குளத்தில் எழுந்தான். வாயைத் திறந்தான். குரல் வரவில்லை. இரண்டு கையாலும் குளத்துத் தண்ணீரை அள்ளி அள்ளிக் குடித்தான்.

"தண்ணி..."

கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு கேட்டான்.

உதடு வெடித்திருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது.

பானு குதித்து அவனை இழுத்துக் கரையில் போட்டாள். அவள் புடவை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. அவன் உடம்பில் ஒரு துளி ஈரம் இல்லை. மொட்டை மாடித் தரைபோலக் கொதித்தது.

"எவ்வளவு நேரம் வெயில்ல கெடந்தார்? உடம்புல நீர்ச்சத்தே இல்லையேம்மா" என்றார் ஆஸ்பத்திரி டாக்டர். பானு வெளியே வந்து கொத்தனார் தங்கையனுக்குப் போன் செய்தாள்.

"குளத்த ஒடைங்க. அடியில கெணறு தெரியணும்."

"சார் சம்மதிச்சாரா?"

"நான் சொல்றேன். ஒடைங்க."

இரண்டு நாளில் கிணறு வெளியே வந்தது. பானு கேட்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்தாள். குடங்களோடு வந்த பெண்கள் தயங்கி நின்றார்கள். "எடுத்துக்கங்க. யாரையும் கேக்க வேணாம்" என்றாள்.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் அருள்ராஜ் கண் விழித்தான். விஷயத்தைக் கேட்டதும் வெடித்த உதட்டிலிருந்து ரத்தம் கசியக் கத்தினான்.

"யாரக் கேட்டு ஒடச்ச? நான் வரேன். மறுபடியும் மூடிக் காட்டுறேன்!"

பானு அவனையே பார்த்தாள். பிறகு, அவனுக்குப் புதிதாக மாட்டியிருந்த குளுக்கோஸ் பாட்டிலை நிமிர்ந்து பார்த்தாள்.

தண்ணீர் சரசரவென்று இறங்கிக்கொண்டிருந்தது. பாதி. கால். அடிவரை.

அவன் கைக்குப் போகும் குழாயில் ஒரு சொட்டுகூட விழவில்லை.