பின்னறையில் எடுத்த காட்சி

கதாசிரியை அந்தப் பழைய வீட்டுக்கு வந்து இறங்கியபோது நடுமதியம். வாசலெல்லாம் கேபிள் வயர். படப்பிடிப்புக்கு வீட்டைச் சும்மாவே கொடுத்த பெரியவர் எழுந்து வந்து, "அக்கா கதைய நல்லபடியா எடுங்கம்மா" என்றார். அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அவருடைய அக்கா ஒரு பள்ளி ஆசிரியை. ஐம்பது வருடத்துக்கு முன் பின்னறையில் கழுத்து நெரிபட்டுக் கிடந்தாள். கொன்றது யாரென்று இன்றுவரை தெரியாது. ஆனால் கொலைகாரன் இல்லாத படத்தை டிவிக்காரர்கள் எப்படி வாங்குவார்கள்? கதாசிரியை பழியைத் தூக்கித் தம்பி தலையில் போட்டுவிட்டாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். படம் வந்தால் இந்த மனிதர் தெருவில் தலைகாட்ட முடியாது. அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

பின்னறையில் ஈரச் சுண்ணாம்பு வாடை. ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்கள். பிணமாக நடிப்பவள் தரையில் படுத்தாள். தம்பியாக நடிப்பவன் அவள்மேல் குனிந்தான்.

"கட்! பிணம் எதுக்கும்மா அவன் விரலப் பிடிக்குது?" என்று டைரக்டர் கத்தினார்.

"நான் அசையவே இல்ல சார். சும்மா படுத்துக் கிடக்கத்தான் சம்பளம், அதையுமா கெடுப்பேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். தம்பியாக நடித்தவன் மட்டும் சுண்டுவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும் அதே.

அவளை எழுப்பிவிட்டு, ஒரு ரப்பர் பொம்மையைக் கிடத்தி எடுத்தார்கள்.

மானிட்டரில் ரப்பர் கை மெல்ல எழுந்தது.

அவன் சுண்டுவிரலைச் சுற்றி மூடிக்கொண்டது.

நடிகன் அலறிக்கொண்டு ஓட, பின்னாலேயே அறை காலியானது. கதாசிரியை மட்டும் அங்கேயே நின்றாள். எப்போது உள்ளே வந்தாரோ, பக்கத்தில் பெரியவர் நின்று மானிட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்காதாம்மா," என்றார் மெதுவாக. "சின்ன வயசுல ரோடு தாண்டுறப்போ இப்படித்தான் பிடிச்சுக்குவா. பயப்படாதடான்னு சொல்லுவா."

அவள் மானிட்டரை அணைத்தாள்.

"கடைசில யாரு கொன்னதா எழுதியிருக்கீங்க?"

அவர் காலில் விழுந்து சொல்லிவிடலாம் போலிருந்தது. வாயில் வந்தது வேறு.

"இன்னும் முடிவு பண்ணலைங்க ஐயா."

பெரியவர் தலையாட்டிவிட்டு நடந்தார். அறை வாசற்படியில் நின்றார். பக்கத்தில் யாரோ பேசுவதைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்தார்.

பக்கத்தில் யாரும் இல்லை.

அவர் திரும்பியபோது முகம் சின்னப்பிள்ளை முகமாக வாடியிருந்தது.

"எழுதி முடிச்சாச்சுன்னு அக்கா சொல்றாளே... என்னையாம்மா எழுதியிருக்கீங்க?"