மந்திரியைக் காணோம்

காலை காப்பி ஆறுவதற்குள் வாசலில் வந்து நின்ற டீச்சர், உட்காரக்கூட இல்லை.

"சார், மந்திரியைக் காணோம்."

எந்த மந்திரி காணாமல் போனாலும் ஜனங்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். இந்த மந்திரி நாய் என்பதால் விஷயம் கொஞ்சம் பெரிது. வெள்ளை உடம்பு, ஒரு பழுப்புக் காது, இப்போதுதான் யாரோ கெட்ட செய்தி சொன்னதுபோன்ற கண்கள், முன்னங்காலில் ஒரு கட்டு. டீச்சர் நடத்தும் நாய்கள் காப்பகத்துக்கு அதுதான் முகம். எந்தச் சுவரைப் பார்த்தாலும், எந்தக் கடையின் உண்டியலைப் பார்த்தாலும் அதன் படம். பெயர் வந்த காரணமும் அதுவே.

அன்று சாயங்காலம் நிதி திரட்டும் விழா. மந்திரியின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளப் பெரிய மனிதர்கள் வரிசையில் வருவார்கள். காப்பகத்து நாய்களுக்கு வருஷம் முழுக்கச் சோறு அந்த ஒரு சாயங்காலத்தில்தான் கிடைக்கிறது. மந்திரி இல்லையென்றால் வரிசை இல்லை. வரிசை இல்லையென்றால் கொட்டகையைத் திறந்துவிட்டு, நாய்களை அதது வந்த தெருவுக்கே அனுப்ப வேண்டியதுதான்.

"வர்றோம்மா" என்றார் இன்சூரன்ஸ்.

அவருக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் அவர் பார்த்த உத்தியோகம். விபத்து என்று இழப்பீடு கேட்டு வருபவர்களின் வீட்டுக்குப் போய், காயம் நிஜமா என்று பார்த்துச் சொல்வது. ஓய்வு பெற்ற பிறகும் ஊரார் விடவில்லை. காணாமல் போனது, களவு போனது எல்லாம் அவர் வீட்டுத் திண்டாட்டமாகிவிட்டது. துணைக்கு மாப்பிள்ளை. மாப்பிள்ளை இரண்டு வேலைகளுக்கு நடுவில் இருந்தார். அந்த நடு நீண்டுகொண்டே போனதில் மாமனாரின் துப்பறியும் தொழில்மேல் பெரும் பக்தி வந்துவிட்டது.

கூண்டின் பூட்டு உடைந்து கிடந்ததாம்; வழியிலேயே டீச்சர் சந்தேகத்தையும் சொல்லிவிட்டார். வேன் டிரைவர்தான். சாவிக்கொத்து முழுக்க அவரிடம்; போன வாரம் எதற்கோ முறைத்துக்கொண்டும் போனாராம். சாவி வைத்திருப்பவன் எதற்குப் பூட்டை உடைக்கப்போகிறான் என்று மாப்பிள்ளை மடக்கினார். இது வெளியாள் வேலை, காப்பகத்தின் புகழைப் பொறுக்காத கும்பல் என்று அவரே தீர்ப்பும் எழுதினார். மாமா மறுக்கவில்லை. ஒப்புக்கொள்ளவும் இல்லை. மகளைக் கொடுத்ததிலிருந்து அவருக்கு அது பழக்கம்.

மந்திரியின் கூண்டில் கொண்டியை யாரோ கடப்பாரையால் நெம்பியிருந்தார்கள். மாப்பிள்ளை கொண்டியைப் படம் எடுத்துக்கொண்டிருக்க, இன்சூரன்ஸ் குனிந்து உள்ளே போனார். தண்ணீர்க் கிண்ணம் பளபளவென்று கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. சாக்குப் படுக்கையை உதறிக் கம்பி வலைமேல் காயப் போட்டிருந்தார்கள். மூலையில், அவிழ்த்த கட்டுத்துணி, கடையில் விற்பதுபோல இறுக்கிச் சுருட்டியபடி கிடந்தது. அவர் அதை எடுத்து முகர்ந்தார். பிறகு மாப்பிள்ளையின் மூக்கருகே நீட்டினார்.

"ஒண்ணும் வாசனை இல்லையே மாமா."

"அதான்."

பக்கத்துக் கூண்டைக் கழுவிக்கொண்டிருந்த டிரைவரை மாப்பிள்ளை விசாரித்தார். ராத்திரி நாய்கள் குரைத்ததா என்ற கேள்விக்கு டிரைவர் சிரித்தேவிட்டார். இலை விழுந்தால்கூடக் குரைக்கிற கூட்டம், எப்போது நிறுத்தியது என்று கேட்டால் யோசித்துச் சொல்லலாம் என்றார். இன்சூரன்ஸ் கிண்ணத்தைப் பற்றி மட்டும் கேட்டார். அது இங்கே வழக்கமாம். நாய் ஒரு வீட்டுக்குப் போனால் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்ப்பார்கள், படுக்கையை வெயிலில் போடுவார்கள். செத்துப்போனால் இரண்டையும் எரிக்கிற குழியில் போட்டுவிடுவார்கள். இன்றைக்குக் கவிழ்த்தது யார் என்று கேட்டதற்கு, தான் இல்லை என்றார் டிரைவர். காலையில் பார்க்கும்போதே அப்படித்தான் இருந்தது. யாரும் எதையும் தொடக்கூடாது என்று டீச்சர் உத்தரவு.

டீச்சரின் அறைச் சுவரில் இரண்டு போஸ்டர்கள். போன வருஷத்துப் படத்தில் மந்திரி கட்டுப் போட்ட இடது காலைத் தூக்கிக்கொண்டிருந்தது. புதியதில் கட்டுப் போட்ட வலது காலை நீட்டியபடி படுத்திருந்தது. இன்சூரன்ஸ் வெகுநேரம் அங்கேயே நின்றார்.

"மாப்பிள்ளை, பழுப்புக் காது எந்தப் பக்கம்?"

"ரெண்டுலயும் நாயோட இடது பக்கம். ஏன் மாமா?"

அவர் டீச்சரிடம் திரும்பி, கட்டுப் போடுவது யார் என்று கேட்டார். டீச்சர் கொஞ்சம் தாமதித்து, மருந்துக்கடை அக்கா என்றார். நாய்களுக்கு மருந்து போட அடிக்கடி வருபவர்தானாம்; விழா, போஸ்டர் என்றால் முந்தின நாளே வந்து கட்டும் போட்டுவிட்டுப் போவாராம். அவரையும் டிரைவரையும் கூப்பிடச் சொன்னார் இன்சூரன்ஸ்.

மருந்துக்கடை அக்கா கடையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் கதவோரம் நின்றார். இன்சூரன்ஸ் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, விலாசம் சொல்வதுபோலச் சொன்னார்.

"பூட்டை உடைச்சது வெளியாள்னு காட்டத்தான். ஆனா வெளியாள் கிண்ணத்தைக் கழுவிக் கவுத்துட்டுப் போக மாட்டான். கை பழகின பழக்கம். அப்போ எடுத்தது உள்ளாள். மந்திரி சாகல, எங்கேயோ ஒரு வீட்டுக்குப் போயிருக்கு."

மாப்பிள்ளையின் பார்வை டிரைவர்மேல் பாய்ந்தது.

"அவர் இல்ல மாப்பிள்ளை. அந்தக் கட்டுத்துணியப் பாருங்க. டிரைவர் அவிழ்த்திருந்தா மூலையில கசக்கி எறிஞ்சிருப்பார். நீங்களும் நானும் அப்படித்தான். அவிழ்க்கும்போதே சுருட்டிக்கிட்டே வர்றது, தினம் அதையே செய்யற கை."

மருந்துக்கடை அக்கா தலையை நிமிர்த்தவில்லை.

"ஏன் எடுத்தாங்கங்கறதுக்கும் அந்தத் துணிதான் பதில். மருந்து வாசனை இல்ல, கறை இல்ல. போன வருஷம் இடது காலு, இந்த வருஷம் வலது காலு. படம் திரும்பி விழுந்திருந்தா காதும் சேர்ந்து மாறியிருக்கணும். மாறல. மந்திரிக்குக் காயமே இல்லம்மா."

மாப்பிள்ளை போஸ்டரைப் பார்த்தார். உண்டியலில் தான் போட்டதை நினைத்தாரோ என்னவோ, சட்டைப்பையைத் தடவிக்கொண்டார்.

"ஆரம்பத்துல காயம் இருந்தது சார்" என்றார் மருந்துக்கடை அக்கா. "ஆறிடுச்சு. தபால்காரர் வீட்ல அந்த நாய் வேணும்னு திரும்பத் திரும்ப வந்து கேட்டாங்க. டீச்சர் தரல. கட்டைப் போடுன்னாங்க, போட்டேன். மனசு கேக்காம ஒருநாள் வேணும்னே காலை மாத்திப் போட்டேன். யாராவது பார்த்துக் கேக்கட்டும், நிறுத்திடலாம்னு. ஒருத்தரும் கேக்கல சார். கட்டைப் பார்த்தாங்க, கண்ணைத் துடைச்சிக்கிட்டாங்க, படம் எடுத்துக்கிட்டுப் போயிட்டாங்க. எந்தக் காலுன்னு யாருக்கு வேணும்?"

டீச்சர் டிரைவரைப் பார்த்து, வேனை எடு, தபால்காரர் வீட்டுக்குப் போகலாம் என்றார். டிரைவர் இடுப்பில் சாவிக்கொத்து தொங்க, சாவி தொலைந்துவிட்டது என்றார். மந்திரியை விட்டுவிடச் சொன்னதுதான் தன் போன வாரத்துச் சண்டை என்றும் சேர்த்துக்கொண்டார்.

டீச்சர் நாற்காலியில் உட்கார்ந்தார். அழுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர் அழவில்லை.

"நான் முதல்ல நல்லா இருக்கற நாயோட படத்தைத்தான் போட்டேன். ஓடற மாதிரி, விளையாடற மாதிரி. விழாவுக்கு வந்தது என் தங்கச்சியும் அவ புருஷனும். அவரும் சாப்பாடு எப்பன்னு கேட்டார். காயம் பட்டு வந்த மந்திரி படத்தைப் போட்டேன், மண்டபம் கொள்ளல. ஆறிடுச்சேன்னு கட்டை அவிழ்த்துட்டா, மத்ததுங்க எதைத் திங்கும்? என்னைத் திருடின்னு சொல்லுங்க சார். அதுங்க வயித்துக்கு ஒரு வழி சொல்லிட்டுச் சொல்லுங்க."

இன்சூரன்ஸ் பொய்க் கட்டு ஒவ்வொன்றையும் கோப்பில் அடித்து எழுதியே சம்பளம் வாங்கியவர். எந்தக் கோப்பிலும் இப்படிக் கேள்வி திரும்பி வந்ததில்லை. வெளியே கொட்டகையில் சோற்று நேரம் என்று ஆரம்பித்த குரைப்பு, ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பற்றிக்கொண்டு கூரையைப் பிய்த்தது.

டீச்சர் எழுந்து போனார். திரும்பி வந்தபோது கயிற்றில் ஒரு கறுப்பு நாய். அந்த வாரம் வந்து சேர்ந்தது, கொழுகொழுவென்று, உடம்பில் ஒரு கீறல் இல்லை. அறைக்குள் இருந்த ஒவ்வொருவரின் காலையும் முகர்ந்து வாலை ஆட்டியது.

"விழாவுக்கு நேரமாச்சு" என்றார் டீச்சர், யாரையும் பார்க்காமல்.

மருந்துக்கடை அக்கா தடுக்கச் சொல்வதுபோல இன்சூரன்ஸைப் பார்த்தார். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாப்பிள்ளை, "மாமா" என்றார், ஒரே ஒரு தடவை. அக்கா தரையில் உட்கார்ந்து, கைப்பையிலிருந்து புதுத் துணிச்சுருளை எடுத்துப் பிரித்தார்.

எந்தக் கால் என்று கேட்டார். டீச்சர் பதில் சொல்வதற்குள், விளையாட்டு என்று நினைத்து, நாய் தானாகவே ஒரு காலைத் தூக்கி அவர் கையில் வைத்தது.