நான்காம் பாத்திக்கு உறை

"மனிதனுக்கு இனி மூக்கு தேவையில்லை. கண்ணாடி மாட்டிக்கொள்ள மட்டும் வைத்துக்கொள்ளலாம்."

காலை ஆறு மணிக்கு, வள்ளத்தில் உட்கார்ந்து இட்லியைப் பிட்டபடி முனைவர் தவசீலன் அறிவித்தார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, தன் ஆய்வறிக்கையிலும் எழுதியிருந்தார்.

மன்னார் வளைகுடாவில் அது உறை ஊற்றும் நேரம். வெப்ப ஆண்டுகளில் கடலடி செத்துப்போன பிறகு, பாலுக்கு உறைமோர் விடுவதுபோலக் கடல் மண்ணுக்கும் விட வேண்டியிருந்தது. பிழைத்துக் கிடக்கும் மண்ணில் ஒரு கை அள்ளி, ஜாடியில் வளர்த்து, செத்த மண்ணில் கலப்பார்கள். நுண்ணுயிர்கள் பிடித்துக்கொண்டால் பவளம் ஒட்டும், மீன் வரும்.

முக்குளிக்கும் ரொசாரி தன் ஜாடிகளில் பெயர் ஒட்டுவதில்லை. மூடியைத் திறந்து முகர்வாள்.

"என்னம்மா, உப்பு சரியா இருக்கா?" என்றார் தவசீலன்.

"அலையாத்திக் காட்டுச் சேறு அழுகின முட்டையா நாறுனா சுகமா இருக்குன்னு அர்த்தம் சார். பவள மணல் அப்படி நாறுனா போச்சு. அந்தந்த மண்ணுக்கு அததோட ஆளுக."

தவசீலனிடமோ எல்லா மண்ணுக்கும் ஒரே உறை இருந்தது. பெயர் 'ஏகம்'. அலையாத்திச் சேற்றில் பிறந்தது. எங்கே விட்டாலும் மளமளவென்று பெருகும். ஒரு சொட்டில் எத்தனை உயிர் என்று எண்ணிப் பச்சை விளக்கு காட்டும் உயிர்மானியும் அவருடையதே.

ரொசாரியின் ஊருக்கு எதிரே நான்கு பவளப் பாத்திகள், ஆறு வருட வளர்ப்பு. அவை எழும்பி அலையை உடைத்தால் ஊர் இருக்கும். இல்லாவிட்டால் அடுத்த புயலில் ஊரும் கடலடிதான். மூன்று பாத்திகளில் தவசீலன் ஏகத்தை ஊற்றினார். நான்காவதை அவள் சண்டை போட்டுக் காப்பாற்றினாள்.

ஒன்பதாம் நாள் மூன்றிலும் பச்சை விளக்கு. மூன்றிலும் பவளக் குருத்துகள் அடி கறுத்து உதிர்ந்து கிடந்தன.

"பச்சைதானே காட்டுது..." என்றார் மெல்ல.

"உங்க மிஷின் எத்தனை பேருன்னு எண்ணுது சார். யாருன்னு கேக்கல." ரொசாரி முகமூடியை மாட்டினாள். "நாலாவதாச்சும் பிழைக்கட்டும். கயித்தை இழுத்தா பவள ஜாடிய இறக்குங்க."

குதித்துவிட்டாள். "எது?" என்று அவர் கேட்டபோது நீர்வளையங்கள் மட்டும் இருந்தன.

பலகையில் பெயரில்லாத இரண்டு ஜாடிகள், ஒன்றில் அலையாத்தி உறை, ஒன்றில் பவள உறை. உயிர்மானி இரண்டுக்கும் பச்சை காட்டியது. கயிறு இழுபட்டது. மறுபடியும் இழுபட்டது.

தவசீலன் சுற்றிலும் பார்த்தார். பக்கத்து வள்ளம் தூரத்தில் இருந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். முதல் ஜாடியைத் திறந்து குனிந்தவர், இருமிக்கொண்டே மூடினார். இரண்டாவதில் வெறும் உப்புக்காற்று.

சந்தேகத்துக்கு இன்னொரு முறை, கண்ணை மூடி ஆழமாக இழுத்துவிட்டு, அதைக் கயிற்றில் கட்டினார்.