இதயத்தைக் காணோம்!

"...அப்ப இதயம் எங்கடா போச்சு? நடந்தா போச்சு?"

"என்னைக் கேட்டா? படச்சவன்கிட்ட கேளு!"

"கொலைகாரா!"

ஃபிரோஸ் ஸ்கூட்டரை ஓரங்கட்டினான். மீனாட்சிபுரத்துத் தென்னந்தோப்புகளில் வெயில் பல்லைக் காட்டியது.

பின்சீட்டில் யோகப்பிரியா. பாலக்காட்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் முனைவர் பட்ட மாணவி. ஃபிரோஸ் அவளுடைய லேப் கூட்டாளி.

இந்த மாதம் மூன்று தடவை முட்டைகளை இன்குபேட்டரில் வைத்தாள். மூன்றாம் நாள் ஓட்டைத் திறந்தால், மஞ்சள் கருவின் மேல் சிவப்புக் கடுகு ஒன்று துடிக்க வேண்டும்.

கோழிக்கருவின் இதயம்!

துடிக்கவில்லை. கடுகே இல்லை!

'வளரு' என்று உத்தரவு கொண்டுவருபவை வளர்ச்சிக் காரணிகள். அதைக் கையெழுத்துப் போட்டு வாங்குபவை ரிசப்டர்கள். கருவின் இதயத்தில் அந்த ரிசப்டர்கள் எப்போது, எங்கே தலைகாட்டுகின்றன? அதுதான் அவளுடைய ஆய்வு.

இதயமே இல்லாத முட்டையில் எதைத் தேடுவது?

அடுத்த மாதம் முடிவுகளைக் காட்டாவிட்டால் அவளுடைய பதிவு ரத்து!

"உங்க வாப்பா முட்டைக்கடை வெச்சிருக்கார். என் முட்டைய எடுத்துட்டுக் கடை முட்டைய வெச்சுட்ட. ஒத்துக்க!"

"உன் முட்டையத் திருடி, ஆம்லெட் போட்டு நோபல் வாங்கப் போறேனா?"

"முட்டை அனுப்புன பண்ணைக்கு வர்றோம்னு மாமாவுக்குக் காலையிலயே போன் பண்ணிட்டேன். அவரே சொல்லட்டும். அப்புறம் இருக்கு உனக்கு!"

பண்ணைக்காரர் ஆறுமுகசாமி வாசலிலேயே நின்றிருந்தார்.

"வாங்க அம்மணி! வாங்க தம்பி!"

"மாமா... நீங்க அனுப்புன முட்டையில கரு இருந்துச்சுங்களா, இல்லீங்களா?"

"கருவா? அந்தப் பாவத்தை நான் பண்ணுவனுங்களா?"

"எ... என்னங்க மாமா?"

"போன மாசம் உங்க லேப் சார் வந்தாருங்கல்ல? முட்டைப் பணியாரம் வெச்சா, 'நான் சைவம்'னுட்டாருங்க. சங்கடமாப் போச்சு! அவிய கை படறது சைவ முட்டையா இருக்கட்டும்னு அன்னைக்கே சேவலைப் பிரிச்சுக் கட்டிப்போட்டேனுங்க. இப்ப முட்டையில உசுரே இருக்காது!"

கொலைகாரரின் முகத்தில் என்ன ஒரு பெருமிதம்!

ஃபிரோஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

யோகப்பிரியா தலையில் அடித்துக்கொண்டாள்.

"சார் முட்டையத் திங்கறதுக்கா கேட்டாரு? எனக்கு இதயம் வேணும் மாமா! இதயம்!"

"அய்யோ..."

"சரி, போச்சாதுங்க, போனது போகட்டும். இப்பவே சேவலை அவுத்து விடுங்க. என் ஆராய்ச்சிக்கு எடுத்த இனத்துல சேவல்னு இருக்கறது அது ஒண்ணுதான். மூணு வருச வேலையும் இந்த முட்டைய நம்பித்தான்!"

ஆறுமுகசாமி மெல்லச் சமையலறைப் பக்கம் பார்த்தார்.

சின்ன வெங்காயமும் மிளகும் வதங்கும் வாசம்...

உள்ளேயிருந்து அவர் மனைவி கமலாத்தாளின் குரல்.

"இதயந்தானுங்களே அம்மணி வேணும்? உங்க இலையிலயே வெச்சுட்டேன்! நீங்க வர்றீங்கன்னு மாமா சேவலையே அடிச்சுட்டாருங்க! கை கழுவிட்டு வாங்க!"

ஒருவழியாக இதயம் கிடைத்துவிட்டது.

வெந்த இதயம்!

யோகப்பிரியா அங்கேயே சரிந்து உட்கார்ந்தாள்.

"மாமா... அதுக்கு அண்ணன், தம்பி, ஒண்ணுவிட்ட சித்தப்பன் மகன்... எந்த ஊர்ல யாரு இருந்தாலும் கொஞ்சம் விசாரிச்சுச் சொல்லுங்களேன்... ப்ளீஸ்!"