மண்டபத்தில் பெரட்டு

கண்மணி மேடை நடுவில் நின்று கைதட்டினாள். ஓசை போனது. திரும்பி வரவில்லை.

மறுபடி தட்டினாள். காலி மண்டபத்தில் ஒரு தட்டல் சுவருக்குச் சுவர் உருண்டு, கூரையின் மரச்சட்டங்களைத் தடவி, இரண்டு விநாடி உயிரோடு இருந்துவிட்டுத்தான் அடங்க வேண்டும். அப்படித்தான் கட்டட வடிவமைப்பாளராக அவள் வரைந்திருந்தாள். நேற்று மதியம்வரை அப்படித்தான் இருந்தது. இப்போது யாரோ ஈரச் சாக்கைப் போட்டு அமுக்கியதுபோல் பாதியிலேயே செத்தது. மனித உடம்பும் துணியும்தான் ஒலியை அப்படித் தின்னும். கையிலிருந்த எதிரொலி அளக்கும் கருவி காட்டியது ஆள் நிறைந்த மண்டபத்தின் எண். எதிரே எல்லா நாற்காலிகளும் மடங்கிக் கிடந்தன.

நாளை சோதனை அதிகாரிகள் வருவார்கள். இந்த எண்ணைப் பார்த்தால் பழி பக்கச் சுவர்ப் பலகைகள் மேல் விழும், பிடுங்கி எறியச் சொல்வார்கள். கோலசிலாங்கூரின் பழைய நகரத்துக்கு நவீன இசை மண்டபம் கட்ட ஒரு ரப்பர் தோட்டத்தை மட்டமாக்கியபோது, தொழிலாளர்கள் குடியிருந்து பிறகு இடித்த லயத்திலிருந்து அவள் பொறுக்கிவைத்த பலகைகள் அவை. மண்டபத்தின் விளம்பரத் தட்டியில் ஊரின் கோட்டை இருந்தது, கலங்கரை விளக்கம் இருந்தது. லயம் மட்டும் இல்லை. குப்பை மரம் என்றார் நிறுவனத் தலைவர் வைரவநாதன். அந்தக் குப்பையில்தான் என் அப்பா பிறந்தார் என்று கூட்டத்திலேயே கத்தினாள். சரி, உன் பொறுப்பு என்றார்.

திறப்பு விழாவில் முதல் வரிசை நடு நாற்காலியில் அப்பாவை உட்காரவைப்பதாகச் சொல்லியிருந்தாள். புக்கிட் பெருந்துங்கில் ஒரு தொழிற்சாலையின் கேட்டில் காவல் நிற்கிறவர். அவர் பிறந்த வீட்டுச் சுவர் அந்த நாற்காலிக்கு நேர் பக்கவாட்டில் இருந்தது. பலகை போனால் வேலை போகும். போகட்டும். அந்த நாற்காலி போகக்கூடாது.

"நேத்து நீங்க மைக்ல கத்துன கத்துல மண்டபம் செவிடாயிருச்சு லா, அக்கா," என்றான் குகன். கெர்லிங்கிலிருந்து வரும் ஒலி டெக்னீஷியன்.

அப்போதுதான் நினைவு வந்தது. நேற்று குரல் சோதனையில் ஒன்று, இரண்டு சொல்லிச் சலித்து, அப்பா விளையாட்டாகச் செய்துகாட்டுவதுபோல் மைக்கில் நீட்டி முழக்கியிருந்தாள்: "பெரட்டேய்ய்... பெரட்டுக்கு வாங்க!" விடியுமுன் மேற்பார்வை பார்க்கும் மண்டோர் தோட்டத்து ஆட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டு. அதற்குப் பிறகுதான் எதிரொலி குறைந்தது.

கம்பளத்திலிருந்து ஒரு வாடை எழுந்தது. ரப்பர் மரத்தில் உறைந்து, புளித்து அழுகிய ஒட்டுப்பால் வாடை. புதுச் சாயத்தையும் பசையையும் மீறி, வரிசை வரிசையாக மேடையை நோக்கி ஏறி வந்தது.

பின்கதவைத் திறந்துவைக்கச் சொல்லிக் குகனை அனுப்பிவிட்டு அப்பாவுக்கு ஃபோன் செய்தாள். சிரிப்பார் என்று நினைத்து நடந்ததைச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை.

"அந்த எடத்துல நின்னா கத்துன?"

"ஆமாப்பா."

"பேரு எதுவும் கூப்பிட்டியா?"

"இல்ல."

"கூப்பிடாத. கூப்பிட்டா அந்த ஆளு வரிசையில நின்னே ஆவணும். வாயத் தொறக்காம வெளிய வந்துரு."

"பெரட்டுக்கு வந்தவங்க எப்பப்பா கலைவாங்க?"

"பேரு முடிஞ்சாத்தான்."

இணைப்பு அறுந்தது.

விளக்குகள் அணைந்தன. சன்னல் இல்லாத மண்டபம். பட்டப்பகலில் கும்மிருட்டு. பின்கதவுப் பக்கம் ஏதோ விழுந்தது. தகர வாளி விழுந்த ஓசை. மண்டபத்தில் எங்கும் வாளி இல்லை.

"குகா!"

சொன்ன பிறகுதான் உறைத்தது.

"இருக்கேன் ஐயா."

குகன் குரல்தான். ஆனால் அவன் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவான்.

மடங்கிய நாற்காலி ஒன்றின் இருக்கை இறங்கும் ஓசை. பிறகு இன்னொன்று. பிறகு எல்லாம். கடைசி வரிசையில் ஒரு மஞ்சள் வெளிச்சம், நெற்றி உயரத்தில். பக்கத்தில் இன்னொன்று. வரிசை வரிசையாக நெற்றி விளக்குகள். இருட்டில் பால்மரம் வெட்டிப் பால் எடுக்கப் போகிறவர்கள் கட்டும் விளக்குகள். அதற்குக் கீழே முகங்கள் தெரியவில்லை. ஒன்றைத் தவிர. குகன். கழுத்தில் அடையாள அட்டை. மடியில் வாளி. கண் சிமிட்டாமல் அவளைப் பார்த்தான், வேலை சொல்லக் காத்திருப்பவன்போல்.

வாயைப் பொத்தினாள். பக்கத்துப் படிக்கு நகர்ந்தாள். விளக்குகள் எல்லாம் அவளோடு திரும்பின.

பெயர் சொல்லக் கூடாது. யார் பெயரும்.

ஒரு படி இறங்கினாள். எல்லாரும் எழுந்தார்கள். துணி உரசும் ஓசைகூட இல்லை. இருட்டில் ஈரமான கை ஒன்று அவள் முழங்கையைப் பிடித்தது. மெதுவாக, மரியாதையாக, அவளை மேடை நடுவுக்கே திருப்பியது.

"அப்பா!"

பெயர்கூட இல்லை. பயத்தில் வாயில் வந்தது, அவ்வளவுதான்.

கூட்டம் காத்திருந்தது. முதல் வரிசை நடு நாற்காலி மட்டும் இருட்டாக இருந்தது. பிறகு அங்கேயும் ஒரு விளக்கு எரிந்தது. காவலாளித் தொப்பிக்கு மேலே கட்டிய விளக்கு.

"இருக்கேம்மா."